அண்ணனிடம் நான் சொன்ன அளவு

அண்ணன் வெர்னியரை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடிக்க வைத்த அந்தச் சனிக்கிழமைக் காலை அப்படியே நினைவில் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து அளக்கிற அந்தச் சின்ன இரும்புக் கருவி முப்பது வருடத்துக்கு மேல் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது. இப்போது அதன் கோடுகள் அவருக்குத் தெரியாது. "உனக்குத்தான் இத்த படிக்கத் தெரியுமே பாப்பா. நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. பாப்பா என்று என்னைக் கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

வெர்னியர் படிக்க எனக்குத் தெரியும் என்பது உண்மைதான். சாந்தோம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். செய்முறை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன். கண்ணில் பட்டதை எழுது, வர வேண்டியதை எழுதாதே என்று. கேட்காத பிள்ளைகள் இருந்தார்கள். விடையை முன்பே தெரிந்துகொண்டு அதற்கேற்ப அளவுகளை எழுதிவைப்பார்கள். கெட்டிக்காரப் பெண்கள் சரியான எண்ணை அப்படியே எழுத மாட்டார்கள். ஒன்றில் கொஞ்சம் கூட, ஒன்றில் கொஞ்சம் குறைய என்று மாற்றி மாற்றி எழுதினால்தான் டீச்சர் நம்புவார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களை எத்தனையோ முறை நான் கண்டுபிடித்து நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் பேருந்துப் பணிமனை ஒன்றில் என்ஜின் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் அப்பா டாக்சி ஓட்டினார். அவர் ஓட்டிய கார் அவருக்குப் பின்னால், மயிலாப்பூர் குளத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே ஒரு சந்தில் அண்ணன் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வருடக்கணக்கில் நின்றது. ஓய்வு பெற்ற பிறகுதான் அண்ணன் அதைத் தொட்டார். அவசரப்படாமல் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழுவி, பழைய சேலைத் துணியில் சுற்றி, மேலே எண் எழுதி வைத்தார். என்ஜின் முழுதாகப் பிரிந்து கிடந்தபோதுதான் அவர் கண்கள் போயின. சர்க்கரை முதலில் வலது கண்ணை எடுத்தது. பிறகு ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, இடது கண்ணுக்குள் யாரோ மையை ஊற்றியது போல் இருக்கிறது என்று அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு முறை அறுவை செய்து பார்த்தார்கள். அதற்குள் சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்தார். மற்ற நாட்களில், துணி சுற்றிய பாகங்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் வந்தார். வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள், ஆறு வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். மனிதர்கள் போக ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. காருக்கு இடம் இல்லை. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து, வெட்டி எடுத்துப் போகிறேன் என்றார். அண்ணி சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதும், ஆட்டோவில் ஏற்றி இறக்குவதும், அளந்து தண்ணீர் கொடுப்பதும் எல்லாம் அவர்தான். ஆனால் அசோக் நகரில் பழைய கார்களை வாங்கிப் பராமரிக்கிற ஒருவர் இருந்தார். அண்ணனுக்குப் பணிமனைப் பழக்கத்தில் தெரிந்தவர். அவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். ஓடுகிற வண்டியாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்கிறேன், ஒரு ஆணிகூட மாற்றாமல் பார்த்துக்கொள்கிறேன், ஓடாத வண்டி ஏற்கெனவே நான்கு என்னிடம் நிற்கிறது, ஐந்தாவது வேண்டாம் என்றார். அண்ணன் உடனே தலையாட்டிவிட்டார். அவர் போன பிறகுதான் எனக்குப் போன் வந்தது. அந்தச் சனிக்கிழமை அடையாற்றிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

அந்த வாரங்களைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது குறைவாகத்தான் இருக்கும். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த நாங்கள் இருவரும், நான்கு கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்ந்துகொண்டு, பண்டிகைக்கும் சாவுக்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நான் அங்கே இருந்தேன். அவர் கேட்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். என் கையை அவர் கை நடத்தும், சில சமயம் அவர் கையை என் கை நடத்தும். போல்ட்டை எந்த வரிசையில் முறுக்க வேண்டும், எத்தனை சுற்று, எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் அப்படியே இருந்தது. சின்ன வாஷரையோ வளையத்தையோ கொடுத்தால் அதை உதட்டில் வைத்துத் தடவிப் பார்ப்பார். ஃபிட்டர்களின் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நடுநடுவே அப்பாவைப் பற்றிப் பேசினார். அப்பா எனக்கு மட்டும் சொல்லாமல் இருந்த சில விஷயங்கள் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. அதிலே ஒன்று, நான் கல்லூரியில் சேர அண்ணன் தன் படிப்பைத் தானாகவே நிறுத்திக்கொண்டார் என்பது. அதை ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டே சொன்னார். நான் பதில் சொல்வதற்குள், அடுத்த ஸ்பேனரைக் கேட்டுவிட்டார்.

சிலிண்டர் ஹெட்டில்தான் சிக்கல் வந்தது. என்ஜினின் தலைக்கு மூடி போல உட்காரும் கனமான இரும்புப் பாகம் அது. வால்வுகள் அதில்தான் தொங்கும். எங்கள் காருடையது என்றோ சூடேறி வளைந்திருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சீவி மட்டம் செய்து வாங்கினோம். எவ்வளவு சீவினார்கள் என்று அண்ணன் இரண்டு முறை போன் செய்து கேட்டார். லேசாகத்தான் என்றார்கள். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. சீவிய அளவுக்கு ஹெட் கீழே இறங்கி உட்காரும், அதோடு வால்வுகளும் இறங்கும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு கீழே வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடி வளையலின் கனத்துக்காவது இடம் இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர். வண்டி நிதானமாக ஓடும்போது அதைவிடக் குறைவாக இருந்தாலும் ஒன்றும் தெரியாது, வேகம் எடுத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், அப்புறம் என்ஜின் என்று ஒன்று இருக்காது என்று எனக்கு விளக்கினார்.

அதை அளக்கும் விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. குழந்தைகள் பொம்மை செய்கிற களிமண் வேண்டும் என்றார். கடைவீதியில் நோட்டுப் புத்தகக் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். பச்சை நிறத்தை எடுத்து, நான்கு பிஸ்டன்களின் தலையிலும் வடை போல் தட்டி அப்பினோம். ஒட்டாமல் இருக்க மேலே எண்ணெய் தடவினோம். ஹெட்டுக்கு அடியில் வைக்கிற தகடான பழைய கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டை ஏற்றி, போல்ட் முறுக்கி, நீளமான ஸ்பேனரால் என்ஜினைக் கையாலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினோம். ஒவ்வொரு பிஸ்டனும் மேலே வந்து, வால்வு இறங்கி, களிமண்ணில் தன் தடத்தைப் பதித்துவிட்டுப் போனது. அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரும்ப எல்லாவற்றையும் கழற்றினோம். அதற்கே மதியம் ஆகிவிட்டது. வால்வு அழுத்திய குழியின் நடுவில் பிளேடால் வெட்டி, அந்த இடத்துத் துண்டை எடுத்து அளக்க வேண்டும். களிமண் எவ்வளவு கனமோ அவ்வளவு இடைவெளி.

முதல் துண்டை வெட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வளையல் கனம் இல்லை. நகத்தின் கனம்தான் இருந்தது. வெர்னியரின் இரு தாடைகளுக்கு நடுவே நசுங்காமல் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தேன். புள்ளி ஆறு. இன்னொரு முறை படித்தேன். புள்ளி ஆறுதான்.

"இன்னா வருது பாப்பா?"

அந்த ஒரு கணத்தில் என் மனதில் ஓடியதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலி செய்ய இன்னும் பதினோரு நாள் இருந்தது. ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கத் தடித்த கேஸ்கெட்டைத் தனியாகச் செய்து வாங்க ஒரு மாதம் ஆகும் என்று இரண்டு நாள் முன்பு அண்ணன்தான் சொல்லியிருந்தார். பிஸ்டனில் குழி கடைய வேண்டுமென்றால் இதுவரை கோத்தது எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். முந்தின வாரம் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயமும் தளர்ந்துகொண்டிருக்கிறது, பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். எப்படியாவது இந்த என்ஜின் ஓடுகிற சத்தத்தை அவர் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அசோக் நகர்க்காரர் எடுத்துப் போனதும் எப்படியும் பிரித்துத்தானே பார்ப்பார் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அன்பு இருந்தது. அதோடு களைப்பும் இருந்தது. எனக்கு முதுகு வலித்தது, பசித்தது, இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து செய்ய எனக்கு மனமில்லை.

"ரெண்டு புள்ளி ரெண்டுண்ணா" என்றேன்.

அடுத்த மூன்று துண்டுகளையும் வெட்டி அளந்தேன். மூன்றும் ஏறத்தாழ அதே புள்ளி ஆறுதான். ரெண்டு புள்ளி ஒண்ணு என்றேன், ரெண்டு புள்ளி மூணு என்றேன், கடைசிக்கு மறுபடி ரெண்டு புள்ளி ரெண்டு. நான் நோட்டைத் திருப்பிக் கொடுத்த பெண்கள் எழுதிய மாதிரியே.

அண்ணன் கையை நீட்டினார். ஒரு துண்டைக் கேட்டார். முப்பது வருடம் இரும்பைத் தொட்ட விரல்களுக்கு நகத்துக்கும் வளையலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது. மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். மாட்டிக்கொள்ள வேண்டும் என்றும் உள்ளே ஏதோ ஒன்று விரும்பியது. அவர் அந்தத் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார்.

"ம்... கீது. அவ்ளோ கீது" என்றார். "சரி, மூடிடலாம்."

எனக்கு அப்போது வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் விரலே சரி என்று சொல்லிவிட்டதே, ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்தேனோ என்றுகூட நினைத்துக்கொண்டேன். மூடினோம்.

என்ஜின் ஒரு வாரத்தில் உயிர் பெற்றது. மூன்றாவது முறை சாவி திருப்பியதும் இருமி, ஒரு குலுங்கு குலுங்கி, ஓட ஆரம்பித்தது. அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அண்ணன் முன் சக்கரத்தின் மேல் தகட்டில் உள்ளங்கையை வைத்து நின்றார். நான் எதிர்பார்த்தது போல் அழவில்லை, சிரிக்கவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, புகை என்ன நிறம் என்று கேட்டார். நிறமே இல்லை என்றேன். அப்போதுதான் முகம் மலர்ந்தது. கண் போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பொய் சொன்னது சரிதான் என்று அந்த நிமிடத்தில் நான் முழுமனதாக நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அசோக் நகர்க்காரர் வந்தார். அவர் ஓட்ட, அண்ணன் முன்னால் உட்கார, நான் பின்னால் உட்கார்ந்தேன். அண்ணி வரவில்லை. சாந்தோம் நெடுஞ்சாலை காலியாக இருந்தது. அண்ணன் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். எந்தக் கடையைத் தாண்டுகிறோம், எந்தத் தெரு திரும்புகிறோம் என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அடையாறு பாலத்தில் ஏறும்போது முன்னால் போன பஸ்ஸைத் தாண்ட, அசோக் நகர்க்காரர் வேகத்தைக் கூட்டினார். ஆணியைச் சுத்தியால் அடிப்பது போல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"ஆஃப் பண்ணு" என்றார் அண்ணன். ஓட்டுகிறவருக்கு இன்னும் விளங்கவில்லை. "ஆஃப் பண்ணுய்யா."

அதற்குள் அந்தச் சத்தம் பத்தாகி, நூறாகி, ஏதோ உடைந்து, எல்லாம் நின்றுவிட்டது. பாலத்தின் ஓரத்தில் வண்டி தானாக உருண்டு நின்றது. ஆற்றிலிருந்து நாற்றம் வந்தது. அசோக் நகர்க்காரர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, வால்வு பிஸ்டனில் இடித்திருக்கிறது என்றார். அண்ணன் எந்த சிலிண்டர் என்று மட்டும் கேட்டார். சத்தத்தை வைத்துப் பார்த்தால் மூன்றாவதாக இருக்கும் என்றார் அவர். அண்ணன் தலையாட்டினார். காரை இழுத்துப்போக வண்டி வரும்வரை, இருக்கையில் அப்படியே, இரண்டு கைகளையும் தொடை மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார். அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார். அவர் எப்போதும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"அவுருக்கு வெரல்ல ஒண்ணும் தெரியாது டீச்சர். ஒரு வருசமாவே அப்டித்தான். கொதிக்கிற டம்ளரப் புடிச்சிக்கினு நிக்கிறாரு, தோலு வெந்து கீது, அவுருக்குத் தெரியல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைல கைய வெச்சு சத்தியம் வாங்கிக்கினாரு. வெரலும் போச்சுன்னா பாப்பா வேலைய நிறுத்திடும்னாரு."

உதட்டில் வைத்துத் தடவியதெல்லாம் ஏன் என்று அப்போது புரிந்தது. விரல் மரத்துப்போன மனிதர் உணர்வு எஞ்சியிருந்த ஒரே தோலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் களிமண் துண்டை மட்டும் உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நான் படித்துச் சொன்ன எண் இருக்கும்போது அது தேவையில்லை என்று விட்டிருக்கிறார்.

சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். களிமண்ணை உருட்டியபோது தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும், தெரிந்த மாதிரி நடித்ததாகவும் சொன்னார். "நீ தப்பாவே படிச்சிருந்தாலும் நான் புடிச்சிருக்கணும். அதான் என் வேல. என்னை மன்னிச்சிடு பாப்பா, உன் ஒழைப்பெல்லாம் வீணாப்பூட்ச்சு" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். இருக்கட்டும்ணா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அசோக் நகர்க்காரர் தன் கையில் உடைந்தது என்பதற்காக, ஐந்தாவது ஓடாத காராக அதை எடுத்துப் போனார். கூரையை இடித்தார்கள், பிறகு வீட்டை இடித்தார்கள். மாடி போர்ஷனில் அண்ணன் எதையும் தொடவில்லை. யாராவது பழைய பணிமனைக்காரர்கள் வந்து ஒரு என்ஜின் சந்தேகம் கேட்டால், அதெல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஸ்பேனர்களையெல்லாம் வந்தவர்களிடம் கொடுத்துவிட்டார். எத்தனையோ நாள் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். போனால் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது அண்ணி பக்கத்தில் இருப்பார், அல்லது அன்றைக்கு உடம்பு ரொம்ப முடியாமல் இருக்கும். இவையெல்லாம் காரணங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் கழித்து, சுத்திகரிக்கும் நாற்காலியிலேயே அவர் போய்விட்டார். தன் விரல்கள்தான் காரைக் கொன்றன என்ற எண்ணத்தோடுதான் போனார்.

சென்ற மாதம், அவர் இறந்து இரண்டு வருடம் ஆன பிறகு, அசோக் நகர்க்காரர் எனக்குப் போன் செய்தார். இப்போதுதான் நேரம் கிடைத்து அந்த என்ஜினைப் பிரித்ததாகச் சொன்னார். ஒவ்வொரு போல்ட்டும் சரியான முறுக்கில் இருந்ததாம். கண் தெரிந்தவர்கள்கூட இப்படிக் கோக்க மாட்டார்கள் என்று ஆச்சரியப்பட்டார். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மட்டும் இடமே இல்லையாம்.

"மூடறதுக்கு முன்னாடி கேப்பு அளந்தீங்களா மேடம்?" என்று கேட்டார்.

அளந்தோம் என்றேன்.

"யாரு பாத்தது?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. கேட்டவர் அந்நியர், என்னை ஒன்றும் செய்யப் போவதில்லை. இனி யாருக்கும் நஷ்டமும் இல்லை.

"அண்ணன்தான்" என்றேன்.

கண் தெரியாத மனிதர், அவர் மேல் என்ன குற்றம் சொல்வது என்றார். ஆமாங்க என்றேன்.